மூடி போட்ட சட்டி: காத்மாண்டுவில் ஆறு நாள்

ஏப்ரல் 2, 2025, புதன்

முக்திநாத் போகத்தான் கிளம்பினோம், நானும் பெரியம்மாவும். ஆழ்வார்கள் பாடிய 108 பெருமாள் தலங்களான திவ்ய தேசங்களில் பூமியில் சேவிக்கக் கூடியவை 106. பெரியம்மா 101 முடித்துவிட்டார். 72 வயதில், மூட்டு வலியோடு, திருச்சாளக்கிராமம் என்கிற முக்திநாத்துக்குக் கிளம்பியவரைத் தடுக்க வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. துணைக்குப் போக எனக்கு மட்டும் லீவு இருந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்திநாத் போகவில்லை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கை விட்டே நாங்கள் வெளியேறவில்லை.

டில்லியிலிருந்து வந்த விமானம் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் நாற்பது நிமிடம் வட்டமடித்தது. கீழே, ஆறிய டீயில் படியும் ஏட்டின் நிறத்தில் ஒரு பரப்பு. மேகம் என்று நினைத்தேன். அதற்குள் நுழைந்ததும் சருகு எரிந்த வாசனை விமானத்துக்குள்ளேயே லேசாக வந்தது.

"என்னடா, ஊர் முழுக்க யாகம் நடக்கிறதா?" என்றார் பெரியம்மா. முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். யாகம் என்ற சொல் மட்டும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளிவைத்துக்கொண்டு வெளியே வந்தோம். கிடைத்தது மின்சார டாக்சி. நேபாளத்துக்குப் புதிதாக வரும் கார்களில் பெரும்பாலானவை இப்போது மின்சாரத்தில் ஓடுபவை; மின்சாரமும் பெரும்பாலும் அவர்களுடைய ஆறுகளிலிருந்தே கிடைப்பது. சத்தம் இல்லை, புகை இல்லை. ஆனால் ஓட்டுநர் துணி முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி போட்டிருந்தார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "டடேலோ" என்று கையை மலைப்பக்கம் நீட்டினார். காட்டுத்தீ. அவர் நீட்டிய பக்கத்தில் மலை எதுவும் தெரியவில்லை. 900 கேட்டவர் 700 நேபாள ரூபாய்க்கு இறங்கினார். நம் 100 ரூபாய்க்கு அவர்கள் 160 என்பது 1993லிருந்து மாறாத கணக்கு. பெரியம்மா கடைசி வரை எல்லா விலையையும் எட்டால் பெருக்கிப் பதின்மூன்றால் வகுத்துக்கொண்டிருந்தார். ஏன் பதின்மூன்று என்று கேட்டால் கோபம் வரும்.

தங்கியது லலித்பூரில். அதன் பழைய பெயர் பாட்டன். பெரியம்மாவுக்கு அந்தப் பெயர் பிடித்துப் போயிற்று. விடுதியை நடத்துபவர் ஐம்பது வயதுப் பெண்மணி, இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் இனத்தவர். நான் அவரை 'தீதி' என்றேன், அதாவது அக்கா. அவர் என்னைத் தம்பி என்ற பொருளில் 'பாய்' என்றார். பெரியம்மாவை நேராக 'ஆமா', அம்மா என்றார். பெயர் கேட்பதற்கு முன்பே உறவு முடிவாகிவிடுகிற ஊர்.

மாலையில் தீதி என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் எண்ணக் கற்றுக்கொடுத்தார். முதலாவது, பக்கத்துத் தெருவின் கிருஷ்ணன் கோவில். இரண்டாவது, வடமேற்கில் சுயம்புநாத் குன்று. மூன்று, அதன் பின்னால் நாகார்ஜுன் மலை. நான்கு, மேற்கே சந்திரகிரி. ஐந்து, தென்கிழக்கில் புல்சோகி. ஆறு, வடக்கே சிவபுரி. ஏழு, சிவபுரிக்கும் மேலே பனிமலை. கார்த்திகை மாதக் காலையில் ஏழும் தெரியுமாம். வானிலை அறிக்கைக்கு அவர் வீட்டில் இதுதான் முறை: "இன்று எத்தனை?"

இன்று ஒன்று.

ஏப்ரல் 3, வியாழன்

காலை ஐந்தரைக்கு உள்நாட்டு முனையத்தில் இருந்தோம். பொக்காராவுக்கு இருபத்தைந்து நிமிடம், அங்கிருந்து சின்ன விமானத்தில் ஜோம்சோம், பிறகு ஜீப் என்பது திட்டம். ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும்தான். நண்பகலை நெருங்கினால் காளி கண்டகி பள்ளத்தாக்கில் காற்று ஆளைத் தள்ளும் என்பதால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஒரு காலை போனால் ஒரு நாள் போயிற்று.

ஏழு மணிக்கு 'தாமதம்' என்றார்கள். எட்டுக்கும் அதே. கண்ணாடிக்கு அப்பால் ஓடுபாதையின் பாதி தூரத்துக்கு மேல் எதுவும் இல்லை. காத்திருந்தவர்கள் யாரும் கத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம் ஊராக இருந்தால் கவுண்டர் கண்ணாடி அதிர்ந்திருக்கும். இங்கே எல்லோரும் மூட்டைகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்கள். பக்கத்தில் முஸ்தாங் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பெரியம்மாவின் கையில் பல்லை உடைக்கும் கெட்டியான பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றை வைத்துக் கடிக்காதே, வாயில் ஊறவை என்று சைகை காட்டினார். சுர்ப்பி என்று பெயர். பெரியம்மா அதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சீடை கொடுத்தார். அதுவும் பல்லை உடைக்கும். கணக்கு நேரானது.

பதினொன்றுக்கு ரத்து. பணம் திரும்ப வர பதினைந்து நாள் ஆகும் என்றார் கவுண்டரில் இருந்தவர். (நாற்பது நாள் ஆயிற்று.) பஸ்ஸில் போகலாமே என்றால், பொக்காரா சாலை அகலப்படுத்தும் வேலையில் தோண்டிக் கிடக்கிறது, எட்டு மணி நேரமும் ஆகும், பத்தும் ஆகும், வழியெல்லாம் தூசி என்று நான்கு பேர் நான்கு விதமாகப் பயமுறுத்தினார்கள். பெரியம்மாவின் முட்டியைப் பார்த்தேன். நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

போனில் காற்றுத்தரக் குறியீடு 300ஐத் தாண்டியிருந்தது. சிவப்பும் ஊதாவும் கடந்து அரக்கு நிறம். அபாயம் என்று பொருள். உலகத்தின் மோசமான நகரங்கள் பட்டியலில் காத்மாண்டுதான் முதலில். டில்லி எங்கோ கீழே. இங்கே காத்மாண்டுவில் அமெரிக்கத் தூதரகக் கட்டடத்தில் இருக்கும் அளவு கருவியைத்தான் பல ஆண்டுகளாக எல்லோரும் பார்த்துவந்தார்கள். போன மாதம் அமெரிக்கா தன் தூதரகங்களின் காற்று அளவுகளை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. நல்ல மாதம் பார்த்து நிறுத்தினார்கள். இனி மற்ற கருவிகளும் தீதியின் மொட்டைமாடியும்தான்.

மாலையில் ஒரு சின்னச் சங்கடம். காலையில் துவைத்த என் வெள்ளை வேட்டியை மாடிக் கம்பியில் காயப்போட்டிருந்தேன். எடுக்கப் போனபோது மேல்பக்கத்தில் கறுப்பாக எள் தூவியது போல் இருந்தது. தட்டினேன், தட்டிய இடமெல்லாம் மை இழுத்தது போல் நீண்ட கோடாயிற்று. எரிந்த இலையின் சாம்பல். ஒரு துணுக்கில் நரம்புகூட அப்படியே இருந்தது, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவில், இலையின் முழு எலும்புக்கூடு. எந்தக் காட்டு மரமோ, எத்தனை மைல் பறந்து என் வேட்டிக்கு வந்ததோ. ஊதினேன், பறந்துவிட்டது.

எண்ணிக்கை: ஒன்று, அதுவும் கலசம் மட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்றும் விமானம் இல்லை. தொண்டையில் முள். பெரியம்மாவின் கைக்குட்டையில் கறுப்பு. மருந்துக்கடையில் நல்ல முகமூடி ஒன்றுக்கு 120 ரூபாய் என்றார்கள். வெளியே தள்ளுவண்டியில் நீலத்தில் 10 ரூபாய்க்கு. விலை உயர்ந்ததையே வாங்கினேன். பெரியம்மா அதை ஐந்து நிமிடம் போட்டுவிட்டு, பெருமாளைச் சேவிக்கும்போது வாயை மூடக்கூடாது என்று கழற்றிவிட்டார். அப்படி ஒரு விதி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கிருஷ்ணன் கோவில் 1637ல் சித்தி நரசிம்ம மல்லர் என்ற மன்னர் கட்டியது. முழுவதும் கல், 21 கலசங்கள். முதல் மாடியின் விளிம்பில் பாரதமும் அதற்கு மேலே ராமாயணமும் விரல் உயரச் சிற்பங்களாக ஓடுகின்றன. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த முதியவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் இருமல். ஒருவர் இருமி முடித்ததும் அடுத்தவர் தொடங்குவார், பஜனையில் எடுத்துக்கொடுப்பது போல.

மதியம் தீதி 'வோ' சுட்டுக் கொடுத்தார். தோல் நீக்கிய கறுப்பு உளுந்தை அரைத்துக் கல்லில் தட்டையாக ஊற்றுவது. அடைக்கும் வடைக்கும் நடுவில் பிறந்த பிள்ளை. பெரியம்மா முதலில் சந்தேகத்தோடு ஓரத்தைக் கிள்ளினார், பிறகு மூன்று தின்றார். "மிளகு போட்டிருக்கலாம்" என்பது தீர்ப்பு. கூடவே லப்சி ஊறுகாய். காட்டுமா என்று சொல்லலாம், ஆனால் புளிப்பு இன்னும் தந்திரமானது. கடையில் இரண்டு வோ, ஒரு தேநீர் 110 ரூபாய்.

பெரியம்மா தூங்கியதும் சோபார் போனேன். சட்டி போலிருக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் அடிப்பக்க ஓட்டை அதுதான். காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர் மூன்றும் கிடக்கும் இந்தத் தட்டை நிலம் ஒரு காலத்தில் ஏரி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; சுற்றுமதிலாக நிற்கும் மலைகளில் சிவபுரியும் புல்சோகியும் 2,700க்கு மேல். மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் வாளால் சோபாரில் ஒரு வெட்டு வெட்டினார், ஏரி வடிந்தது என்பது பௌத்தர்கள் கதை. வெட்டியது கிருஷ்ணன் என்பாரும் உண்டு. (பெரியம்மா எந்தக் கட்சி என்று சொல்லவேண்டியதில்லை.) அந்தப் பிளவு வழியாகத்தான் பாக்மதி ஆறு இன்றும் வெளியேறுகிறது. பிளவு மிகக் குறுகல். இரும்புத் தொங்குபாலத்தில் நின்றால் கீழே சாக்கடைக் கறுப்பில் தண்ணீர், நுரை, பிளாஸ்டிக்.

தண்ணீருக்காவது ஒரு வழி இருக்கிறது. காற்றுக்கு அதுவும் இல்லை. இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்கும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடியாக உட்கார்ந்துகொள்ளும். வண்டிப் புகை, சூளைப் புகை, குப்பை எரிக்கும் புகை எல்லாம் அதற்குள்ளேயே. பிற்பகலில் மேற்குக் கணவாய்களின் வழியே காற்று நுழைந்து கொஞ்சம் கலைக்கும். ஆகவே காலையில் நடைப்பயிற்சி போகிறவர்தான் இங்கே அதிகம் விழுங்குகிறார். இது குளிர்காலக் கதை. பங்குனியில் காடும் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசிக்குப் பிறகு மழை இல்லை, சருகு காய்ந்து கிடக்கிறது, எங்கோ ஒரு பொறி. வெளியிலிருந்து வரும் புகையையும் இந்தச் சட்டி வாங்கி வைத்துக்கொள்கிறது. 2021 மார்ச் கடைசியில் இதே காரணத்துக்காக நாடு முழுவதும் பள்ளிகளுக்கு நான்கு நாள் விடுமுறை விட்டார்கள்.

இவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. சோபாரில் சிமென்ட் ஆலை ஒன்று இருந்தது. புகை தாங்காமல் 2002ல் மூடினார்கள். கறும்புகை கக்கிய மூன்று சக்கர டீசல் டெம்போக்களை 1999லேயே துரத்திவிட்டார்கள். அவற்றுக்குப் பதில் வந்த வெள்ளை மின்சார டெம்போ இன்றும் ஓடுகிறது, ஓட்டுபவர்களில் பலர் பெண்கள். திரும்பி வரும்போது அதில் வந்தேன், இருபது ரூபாய். இறங்க வேண்டுமானால் கூரையில் காசால் தட்ட வேண்டும். நான் விரலால் தட்டி இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

எண்ணிக்கை: மாலை நாலு மணிக்கு ஒன்றரை. சுயம்புநாத் இருக்கலாம் என்று தீதி சொன்னார், இல்லை என்று அவர் மகன் சொன்னான்.

ஏப்ரல் 5, சனி

இங்கே வார விடுமுறை சனிக்கிழமை. முக்திநாத்தை இன்று கைவிட்டோம். பெரியம்மாவே சொன்னார்: "அவன் கூப்பிடவில்லை. விடு." சொல்லிவிட்டுச் சிறிது நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அவரைத் தேற்ற ஒரு தேர் கிடைத்தது. வெள்ளை மச்சிந்திரநாதர் தேர் இன்று காத்மாண்டுவில் ஓடத் தொடங்குகிறது. அஷ்டமியன்று தொடங்கி மூன்று நாள். முதல் நாள் ஜமலிலிருந்து அசன் சந்தை வரை. கொட்டகை போட்ட தேர் இல்லை. கீழே கண் வரைந்த மரச் சக்கரங்கள், மேலே பிரம்பாலும் மரத்தாலும் கூம்பாக உயர்ந்து பச்சை இலை சுற்றிய கோபுரம். நட்டுப் போல்ட் எதுவும் கண்ணில் படவில்லை, எல்லாம் கட்டுத்தான். இளைஞர்கள் வடத்தைப் பிடித்து 'ஹைஸ்தே' என்று ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் 'ஹைஸே' என்று இழுக்கிறார்கள். தேர் ஆடிக்கொண்டு நகர்கிறது. மின்கம்பியை நீண்ட கழியால் தூக்கிப் பிடிக்க ஒருவர். "சித்திரைத் தேருக்கு இதில் பாதி ஆட்டம்கூடக் கிடையாது" என்று பெரியம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். பயம் என்று சொன்னாரே தவிர முகம் மலர்ந்திருந்தது.

தேர் உச்சி எனக்குத் தெரியவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் தெரிந்தது. அதற்குப் பின்னால் வானம்தான் இல்லை. நீலமும் இல்லை, மேகமும் இல்லை, வெயிலை வெறும் கண்ணால் பார்க்கலாம்: ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் ஒரு வட்டம். கூட்டத்தில் பாதிப்பேர் முகமூடி, வடம் இழுப்பவர்கள் மட்டும் வெறும் முகம். இழுக்கும்போது மூச்சு முட்டும் அல்லவா?

இரவு தீதியிடம் தேரைப் பற்றிச் சொன்னபோது அவர் உதட்டைப் பிதுக்கினார். அது காத்மாண்டுத் தேர். மழைக்கு உரியவர் லலித்பூரின் சிவப்பு மச்சிந்திரநாதர். அவருடைய சீடரான கோரக்நாதர், மழை தரும் நாகங்களின் மேல் உட்கார்ந்துவிட்டதால் பன்னிரண்டு ஆண்டு மழை இல்லாமல் போயிற்றாம். நரேந்திரதேவ மன்னர் அசாம் பக்கத்துக் காமரூபத்திலிருந்து மச்சிந்திரநாதரை அழைத்துவர, குருவைக் கண்டதும் கோரக்நாதர் எழுந்தார், நாகங்கள் விடுபட்டன, மழை கொட்டியது. அந்தத் தேர் வைகாசி மழைக்கு முன்னால் வாரக்கணக்கில் ஓடும். "அடுத்த மாதம் வந்திருந்தால் ஏழும் பார்த்திருப்பீர்கள்" என்றார். ஆறுதலா குற்றச்சாட்டா தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ராம நவமி. காலையில் பெரியம்மா தீதியின் சமையலறையைக் கைப்பற்றிப் பானகம் கரைத்தார். வெல்லம் கிடைத்தது, ஏலக்காய் கிடைத்தது, சுக்குக்கு நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். தீதி ஒரு குவளை குடித்துவிட்டு, இருமலுக்கு நல்ல மருந்து என்று இன்னொரு குவளை வாங்கிக்கொண்டார். பெரியம்மா அதை மருந்து என்று சொன்னதை இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு பக்தபூர். மண் சட்டியில் உறைய வைத்த 'ஜுஜு தவு', அதாவது ராஜா தயிர், சின்னது 70 ரூபாய். எருமைப்பால், கரண்டி நிற்கும். சட்டியைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

ஊருக்கு வெளியே வயல்களில் செங்கல் சூளைகள். சதுரக் குழி, நடுவில் உயர்ந்த புகைபோக்கி, உச்சியிலிருந்து வெளியே வந்த புகை மேலே போக மனமில்லாமல் பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறது. 2015 நிலநடுக்கத்தில் பல சூளைகள் விழுந்தன; திரும்பக் கட்டும்போது பலர், கரி குறைவாகப் பிடிக்கும் வளைந்து வளைந்து தீ போகிற அமைப்புக்கு மாறினார்கள். புகை குறைந்திருக்கிறது. போய்விடவில்லை.

சூளைக்கு மண் அங்கேயேதான். ஏரி வடிந்துபோனபோது விட்டுச் சென்ற வண்டல். கறுப்புக் களிமண்ணுக்கு இங்கே 'காளிமாட்டி' என்று பெயர். நகரத்தில் ஒரு பேட்டைக்கே அந்தப் பெயர், அங்கேதான் பெரிய காய்கறிச் சந்தை. கோவில்களும் அரண்மனைகளும் வீடுகளும் இந்த மண்ணில் சுட்ட கல்தான். 2015ல் ஊர் அப்படிக் குலுங்கியதற்கும் இந்த ஏரி மண்தான் ஒரு காரணம். கெட்டிப் பாறையாக இருந்திருந்தால் அசைவு இவ்வளவு பெருகியிருக்காது. விழுந்ததைக் கட்ட மறுபடி கல் வேண்டும், கல்லுக்கு அதே மண், சுட்டால் புகை, புகை போக வழியில்லாத அதே பழைய ஏரி.

பச்சைக் கற்களை வரிசையாகக் காயவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி பீகாரிலிருந்து வந்தவள். என் ஓட்டை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். ஊரில் எல்லோரும் மழைக்கு ஏங்குகிறார்களே என்றேன். அவள் சட்டென்று வானத்தைப் பார்த்தாள். மழை வரும் என்று சொன்னார்களா, எப்போது, இன்றா என்று கேட்டாள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. காயாத கல்லில் மழை விழுந்தால் கரைந்து சேறு, கணக்கில் வராது. அவள் பின்னால் சாம்பல் நிற வரிசைகள், ஒவ்வொரு கல்லிலும் விரல் பதிந்த தடம். இல்லை, யாரும் சொல்லவில்லை என்றேன். ஓரத்தில் சுருட்டி வைத்திருந்த நீலத் தார்ப்பாயைக் காலால் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

எண்ணிக்கை: பிற்பகல் காற்றுக்குப் பிறகு மூன்று. நாகார்ஜுன் பென்சில் கோடு போல் தெரிந்தது. தீதி என்னைக் கூப்பிட்டு அழைத்துப்போய்க் காட்டினார்.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் பசுபதிநாதர். தலைமைப் பூசாரிகள் கர்நாடகத்திலிருந்து வருபவர்கள் என்று கேட்டதும் பெரியம்மாவுக்கு ஒரு நிம்மதி. ஆற்றங்கரைச் சிதைகளின் புகையும் ஊர்ப் புகையும் எங்கே கலக்கின்றன என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாசலில் செருப்புக்குக் காவல் இருந்த கிழவி, பெரியம்மா நொண்டுவதைப் பார்த்துக் காசு வேண்டாம் என்றுவிட்டார். பெரியம்மா முந்தானை முடிச்சிலிருந்து அந்தச் சுர்ப்பியை எடுத்துக் கொடுத்தார். கிழவி உடனே வாயில் போட்டுக்கொண்டார்.

விடைபெறும்போது தீதி ஆமாவின் காலைத் தொட்டு வணங்கினார், எனக்கு ஒரு பை லப்சி மிட்டாய். என் வேட்டியைக் காட்டி மன்னிப்புக் கேட்பது போல் ஏதோ சொன்னார். காட்டுக்காக அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

டில்லி விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்கியிருந்தேன். மேலே ஏறினோம், பழுப்பு, பழுப்பு, பழுப்பு. பிறகு ஒரே கணத்தில் அது கீழே போய்விட்டது. மேற்பரப்பு கத்தியால் வழித்தது போல் சமமாக இருந்தது. அதற்கு மேலே, வெட்கமே இல்லாமல், வெள்ளை வெளேரென்று கிழக்கிலிருந்து மேற்கு வரை பனிமலை. ஆறு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"முக்திநாத் எதுடா?" என்றார் பெரியம்மா.

எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து வந்த, எல்லாவற்றிலும் அகலமாக இருந்த ஒரு மலையைக் காட்டி, அதுதான் என்றேன்.

"அது அன்னபூர்ணாவாக இருக்கும். அவன் இருப்பது அதற்குப் பின்னால்" என்றார். நான்கு மாதமாகப் படித்த வழிகாட்டிப் புத்தகம் அவர் மடியில்தான் இருந்தது. கைகூப்பியவர், மலை பின்னால் போகும் வரை இறக்கவில்லை. அப்புறம் டீ எவ்வளவு என்று கேட்கச் சொன்னார். 150 ரூபாய், இந்தியக் காசு. வேண்டாம் என்றுவிட்டார்.